கெஞ்சல் வடிகட்டி

மோனிஷா பத்தொன்பது மணி நேரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு முறை "விடுங்க" என்று சொல்லியிருந்தாள். சுகிர்தா பதிவுத் தாள்களில் முதலில் எண்ணியபோது நானூற்று ஒன்பது வந்தது. தன் எண்ணிக்கையைத் தானே நம்புகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. மறுபடி எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு. மூன்றாம் முறையும் அதுவே வந்தபோது பென்சிலை மேஜையில் வைத்தாள்.

கூடு அத்தனையையும் கேட்டிருந்தது. நேரம், குரலின் உரப்பு, மூச்சின் வேகம் எல்லாவற்றையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் போட்டுப் பதிந்தும் வைத்திருந்தது. திறக்கத்தான் இல்லை.

அணைகூடு என்பது கம்பெனி வைத்த பெயர். வாங்கியவர்கள் கூடு என்றே சொன்னார்கள். மடித்து வைத்தால் கெட்டியான ஜமுக்காளம் மாதிரி இருக்கும். உள்ளே படுத்து விளிம்பை இழுத்துவிட்டால், இழைகளில் மின்சாரம் ஓடித் துணி மெல்ல இறுகும். கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஆளைப் பொதிந்துகொள்ளும். அதன்பிறகு விரலைக்கூட மடக்க முடியாது. தூக்கம் வராதவர்கள் வாங்கினார்கள். ராத்திரியானால் பாட்டிலைத் தேடிக் கை போகிறது என்பவர்கள் வாங்கினார்கள். விளம்பரத்தில் சொல்லாத இன்னொரு கூட்டமும் இருந்தது. கட்டுண்டு கிடப்பதில் சுகமும் நிம்மதியும் காண்கிறவர்கள். வாங்கியவர்களில் பத்துக்கு நான்கு பேர் அவர்கள்தான். கட்டிவிட இன்னொரு ஆள் வேண்டியதில்லை, அவிழ்த்துவிடவும் வேண்டியதில்லை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருந்தது: "ஒரு வார்த்தை போதும்."

அந்த ஒரு வார்த்தையைச் சோதிப்பதுதான் சுகிர்தாவின் வேலை. குறிச்சி தொழிற்பேட்டையில், கம்பெனியின் மூன்றாம் மாடியில் உள்ள சோதனைக்கூடத்தில் அவள் முந்நூறு முறை கூட்டுக்குள் படுத்து, முந்நூறு முறை "விடு" என்று சொல்லி, முந்நூறு முறை எழுந்து வந்திருந்தாள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளிலும் அவள் கையெழுத்து.

"ரிப்போர்ட் முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டுக்கொண்டே நவநீதன் வந்தார். கூட்டின் விடுவிப்பு முறையை வடிவமைத்த தலைமைப் பொறியாளர். நாற்பத்தைந்து வயது, நிமிர்ந்த நடை, எதைச் சொன்னாலும் பாடம் நடத்துகிற குரல்.

"இந்த மோனிஷாக்கா நானூத்திப் பன்னண்டு தடவ விடுங்கன்னு சொல்லியிருக்காங்க சார்."

"அதான். விடுங்கன்னு சொல்லியிருக்காங்க. விடுன்னு ஒருக்காகூடச் சொல்லல."

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே சார்."

"ஒண்ணில்லம்மா. நம்ம மூளையே அதுலதான் இருக்குது." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மொத மாடல் எதச் சொன்னாலும் தெறந்துச்சு. ஐயோ, அம்மா, விட்ருங்க, எதுக்குன்னாலும். என்னாச்சு? பத்துல மூணு திரும்பி வந்துச்சு. கெஞ்சுனாத் தெறந்துக்கும்னா அதென்ன கட்டு, சேலை முந்தானையான்னு ஒருத்தன் எழுதுனான். அவங்களுக்குக் கெஞ்சறது ஒரு வெளையாட்டு. கெஞ்சணும், ஆனா விடக்கூடாது. அப்ப நெசமாவே வெளிய வரணும்னா? கெஞ்சறப்ப வாயில வராத வார்த்த ஒண்ணு வேணும். வெளிநாட்டுல பழம் பேரு, கலர் பேருன்னு வெச்சிருக்கான். பதட்டத்துல நம்மாளுக்குப் பழம் பேரு ஞாபகம் வருமா? அப்பத்தான் எனக்குத் தட்டுச்சு. தமிழ்லயே இருக்குதே! விடுங்கன்னா கெஞ்சல். விடுன்னா உத்தரவு. கெஞ்சல வடிகட்டு, உத்தரவுக்குத் தெற."

"பயத்துல சொன்னா?"

"பயந்துட்டு இழுத்து இழுத்துச் சொன்னா விடுன்னே சொன்னாலும் ஏத்துக்காது. குரல் அதிகாரமா இருக்கணும். கெஞ்சக் கெஞ்ச அது இன்னும் ஜாக்கிரதயாயிரும். ஆள் வெளையாட்டுல இருக்கறாருன்னு எடுத்துக்கும்."

அவர் பெருமையாகத்தான் சொன்னார். மேஜைமேல் ஒரு தாளை வைத்தார். 'விடுவிப்பு முறை வடிவமைத்தபடி இயங்கியது. பயனர் விடுவிப்புச் சொல்லைக் கூறவில்லை.' கீழே, சோதனையாளர் கையெழுத்து.

"வெள்ளிக்கெழம மொதலாளி மேடம் வர்றாங்க. அந்தப் பொண்ணும் வருது, அதுகிட்டயும் புகார் இல்லன்னு ஒரு கையெழுத்து வாங்கறோம். அன்னைக்கே லாரி கெளம்புது. பதினோராயிரம் பீஸு. அதுக்கு முன்னாடி நீ போட்டுக் குடுத்துரு." எழுந்தவர் கதவருகே நின்றார். "உன்ற காலேஜ் லெட்டரும் என்ற டேபிள்லதாம்மா இருக்குது. மறக்கல."

சுகிர்தா மாலைநேரப் பொறியியல் வகுப்பில் மூன்றாம் ஆண்டு. வேலையில் இருப்பவர்களுக்கான வகுப்பு அது. கம்பெனியிலிருந்து கடிதம் வராவிட்டால் அடுத்த பருவத்துக்கு இடம் கிடையாது. அவர் மிரட்டினாரா, நிஜமாகவே ஞாபகப்படுத்தினாரா என்று அவளால் முடிவு செய்ய முடியவில்லை. எதையும் சட்டென்று முடிவு செய்ய முடியாத தன் சுபாவத்தின் மேலும் கோபம் வந்தது.

மறுநாள் மதியம் வரவேற்பிலிருந்து போன் வந்தது. "உங்களப் பாக்கோணும்னு ஒருத்தர் வந்திருக்காங்க. பேரு மோனிஷாவாம்."

முப்பத்தெட்டு வயது இருக்கும். நெற்றியில் சின்னப் பொட்டு, இஸ்திரி போட்ட சுடிதார். இரண்டு கைகளும் மணிக்கட்டிலிருந்து விரல்வரை ஆஸ்பத்திரிப் பட்டைகளில் கிடந்தன. தோளில் மாட்டிய பை முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே இடுக்கப்பட்டிருந்தது.

"ஏனுங்க, நீங்கதான் டெஸ்ட் பண்றவங்களுங்களா?"

"ஆமாங்க்கா. உக்காருங்க."

"நீங்க உக்காருங்க மொதல்ல. நான் திருப்பூர்ல ஒரு கண்ணாஸ்பத்திரில வரவேற்புல இருக்கறனுங்க. நாளெல்லாம் உக்காருங்க, சொல்லுங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்கன்னு சொல்ற வேல. இப்ப யாரையும் உக்காரச் சொல்லிப் பேரு எழுதிக்க முடியறதில்லீங்க. ரெண்டு கையிலயும் நரம்பு போயிருச்சுங்களாம். ஒடம்புக்கடியில கை மாட்டிக்கிச்சுங்க. பேட்டரி தீந்தப்பறம்தான் துணி தளந்துச்சு."

ஒரு வார்த்தைகூட உயரவில்லை. ஒவ்வொரு 'ங்க'வும் அளந்து வைத்தது போல விழுந்தது. இவ்வளவு மரியாதையாக ஒருவர் திட்டி சுகிர்தா கேட்டதில்லை.

"எத்தன தடவ டெஸ்ட் பண்ணுனீங்க அம்மணி?"

"முந்நூறுங்க்கா."

"பயந்துபோயி எத்தன தடவைங்க?"

சோதனை மேடைக்கு மேலே கூரையில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதில் 'விடு' என்று எழுதியிருக்கும். சுகிர்தா படுத்துக்கொண்டே அதைப் படிப்பாள். பக்கத்தில் உதவியாளர் ரபீக் அண்ணன், கையில் அவசர விடுவிப்புக் கயிற்றோடு, சாயங்காலம் என்ன டிபன் என்று பேசிக்கொண்டிருப்பார். முந்நூறு முறையும் அப்படித்தான்.

"எனக்கு அந்த வார்த்த தெரியாம இல்லீங்க," என்றாள் மோனிஷா. "கடையில சொன்னாங்க, பொஸ்தகத்துல இருந்துச்சு. மொத நாலு தடவ சொன்னேன், தெறந்துச்சு. அன்னைக்குக் கை மாட்டி வலி வந்துருச்சு. வலி வந்தா வாயில வர்றது எதுவோ அதுதான வரும்? எங்க வூட்டுல நாய்க்குட்டியக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்புடுவோம். புருசன் அடிச்சப்பகூட விடுங்கன்னுதான் சொன்னனுங்க. அவுரு விடல. இதும் விடல."

மோனிஷா பையை இன்னும் இறுக்கி இடுக்கிக்கொண்டாள்.

"என்னையப் பத்திப் பேப்பர்ல என்னென்னமோ எழுதுனாங்க. நீங்களும் சிரிக்கறதுன்னா சிரிச்சுக்கங்க. காலேஜுல இருந்து பண்றனுங்க. கதவச் சாத்திக்கிட்டு, என்ற துப்பட்டாவுல என்னைய நானே கட்டிக்குவேன். மனசு அப்படியே அமந்துரும். யாரையும் கெடுக்கல, யாருகிட்டயும் கேக்கல. பதினெட்டு வருசம் ஒரு கீறல் இல்லீங்க. இந்தப் பையத் தொறங்க. டைரி இருக்குது, எடுத்துக்கங்க. நான்தான் எடுக்க முடியாதே."

மருந்துக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த பழைய டைரி. சுகிர்தா அதை மாலை வகுப்புக்குப் போகும் பேருந்தில் பிரித்தாள்.

அழகான, சாய்ந்த கையெழுத்து. தேதி போட்டு, கோடு கிழித்து, கிழமைவாரியாக.

'கத்தரி வலது கைப்பக்கம் வைத்தேன். இருபது நிமிஷத்தில் விரல் மரத்துவிட்டது, பிடிக்க முடியவில்லை. தோல்வி. இடம் மாற்ற வேண்டும்.'

'பூட்டுச் சாவியை ஐஸுக்குள் வைத்துத் தொங்கவிட்டேன். மின்விசிறி ஓடினால் உருக நாற்பத்தெட்டு நிமிஷம். நின்றால் எழுபது. நடுவில் மின்சாரம் போனால்? யோசி.'

'சாதாரணமாக இருக்கும்போது எல்லாம் சரியாக வருகிறது. அதை நம்பக் கூடாது. இன்று மாடிப்படி நான்கு முறை ஏறி இறங்கிவிட்டு, மூச்சு வாங்கும்போது, கண்ணைக் கட்டிக்கொண்டு முடிச்சைத் தேடினேன். கிடைக்கவில்லை. அழுகை வந்தது. நல்லவேளை, சும்மா கட்டிய முடிச்சு. மாற்று.'

'தங்கச்சியிடம் சொல்லிவைத்தேன். ஒன்பது மணிக்கு நான் போன் செய்யாவிட்டால் வந்து பார், காரணம் கேட்காதே என்று. கேட்கவில்லை. தங்கம்.'

'ஒரு வழியை நம்பாதே. மூன்று வேண்டும். மூன்றும் ஒரே காரணத்தால் கெட்டுப்போகக் கூடாது.'

சுகிர்தா இந்த வரியை இரண்டு முறை படித்தாள். போன பருவத்தில் இதே விஷயத்தைப் பேராசிரியர் பலகையில் கட்டம் போட்டுப் பாடம் நடத்தினார். தேர்வில் அவளுக்குப் பத்துக்கு ஒன்பது. அதே வாரத்தில்தான் அவள் சோதனைத் தாள்களில் இருநூற்று நாற்பதிலிருந்து இருநூற்றெழுபதுவரை கையெழுத்துப் போட்டாள். கூட்டுக்கு வழி ஒன்றுதான், அந்த ஒன்றும் வாயைப் பொறுத்தது என்பது அவளுக்கு ஏன் உறைக்கவில்லை? பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு போய்விட்டதா?

கடைசிப் பதிவு மூன்று வரிதான்.

'கூடு வாங்கினேன். ஒரு வார்த்தை போதுமாம். கம்பெனியில் முந்நூறு முறை சோதித்திருக்கிறார்களாம், தாளில் கையெழுத்தெல்லாம் இருக்கிறது. இனி ஐஸ் வேண்டாம், பாவம், தங்கச்சியையும் தொந்தரவு செய்ய வேண்டாம்.'

வகுப்பு வாசல் நிறுத்தம் வந்து போனதை அவள் கவனிக்கவில்லை. மூன்று நிறுத்தம் தள்ளி இறங்கி, திரும்பி நடந்தாள். நடந்த தூரமெல்லாம் பற்களைக் கடித்துக்கொண்டே நடந்தாள்.

வியாழக்கிழமை மதிய இடைவேளையில் ரபீக்கைக் கூப்பிட்டாள். "அண்ணா, ஒரு தடவ என்னையப் போட்டு விடுங்க. மேல ஒட்டுன பேப்பரக் கிழிச்சிருங்க."

மூன்று மாடி இறங்கி ஏறினாள். மறுபடி இறங்கி ஏறினாள். நெஞ்சு அடித்துக்கொள்ள, கண்ணைக் கட்டிக்கொண்டு கூட்டுக்குள் படுத்தாள். துணி இறுகியது. மூச்சுத் திணறியது, காதுக்குள் இரைந்தது. "விடு" என்றாள். உடனே தளர்ந்தது.

மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் திறந்தது.

"சரியாத்தான வேல செய்யுது?" என்றார் ரபீக்.

"எனக்கு வேல செய்யுதுங்கண்ணா," என்றாள் சுகிர்தா, வியர்வையைத் துடைத்தபடி. "முந்நூறு தடவ சொல்லிச் சொல்லி என்ற நாக்கு பழகிப்போச்சு. இந்த ஊர்லயே இதுக்குள்ள படுத்துத் தப்பிக்கற ஆள் நான் ஒருத்திதான் போல." சொல்லிவிட்டு, அது உண்மைதானா, மிகையா என்று தயங்கினாள். நிரூபிக்க அவளிடம் எதுவும் இல்லை. ஒரு டைரியும் ஒரு எண்ணும்தான் இருந்தன.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஹேமலதா மேடம் வந்தார். கம்பெனியின் சொந்தக்காரர். அறுபது வயது. அவர் மாடிப்படியில் கால் வைத்தாலே மூன்று மாடியிலும் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்கும். எல்லாரையும் வா, போ என்பார். அவரை அப்படிச் சொல்ல ஆள் கிடையாது. சோதனைக்கூடத்தில் நவநீதன், ரபீக், சுகிர்தா மூவரும் நின்றார்கள். மோனிஷாவை மட்டும் உட்கார வைத்திருந்தார்கள். அவளுக்கு எதிரே ஒரு தாளும், கட்டைவிரல் ரேகைக்காக ஒரு மைப்பெட்டியும் இருந்தன.

"மொதல்ல டெஸ்டர் போடட்டும்," என்றார் நவநீதன். "அம்மா சுகிர்தா."

சுகிர்தா பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். மறுபடி மூடினாள்.

"மேடம், கையெழுத்துக்கு முன்னாடி ஒரு சோதனை பாக்கி இருக்குதுங்க."

"முந்நூறு முடிஞ்சுது," என்றார் நவநீதன்.

"முந்நூறும் நான் பண்ணுனதுங்க சார். அதுல பழகுன ஆளுக்குத் தெறக்குதுன்னுதான் தெரியும். இதுவரைக்கும் உள்ள படுக்காத ஆள் ஒருத்தர் வேணும். படியேறி எறங்கி, மூச்சு வாங்கறப்பப் படுக்கோணும்."

"இதென்ன கூத்து? படியேறிட்டு எவன் கூட்டுக்குள்ள போவான்?"

"வலி வந்தா, பயம் வந்தா மூச்சு அப்படித்தானுங்க சார் இருக்கும்."

ஹேமலதா மேடம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மோனிஷாவின் கைகளைப் பார்த்தார். "நவநீதா, நீ இதுக்குள்ள படுத்திருக்கியா?"

"நான் டிசைன் பண்ணுனவனுங்க மேடம்."

"படுத்திருக்கியான்னு கேட்டேன்."

"இல்லீங்க மேடம்."

"அப்பப் படு. அந்தப் புள்ள சொல்ற மாதிரி பண்ணிட்டுப் படு. அஞ்சு நிமிசம் ஆகுமா?"

நவநீதன் சிரித்தார். சட்டைக்கையை மடித்துவிட்டார். "அஞ்சு எதுக்குங்க மேடம், ஒரு நிமிசம். ஒரு வார்த்தை."

"சார் லிப்டுக்குன்னே பொறந்தவரு," என்று ரபீக் சுகிர்தாவின் காதோரம் முணுமுணுத்தார். நவநீதன் இரண்டு முறை மூன்று மாடி இறங்கி ஏறி வந்தபோது முகம் செக்கச்செவேலென்று இருந்தது. பேச முடியாமல் கையைக் காட்டினார். ரபீக் அவரைப் படுக்கவைத்து விளிம்பை இழுத்தார். துணி மெல்லிய கிறீச்சொலியோடு இறுகியது.

சோதனைக்கூடத்துக் கூட்டுக்குத் தலைமாட்டில் ஒரு சிவப்புக் கயிறு உண்டு. இழுத்தால் மின்சாரம் அறுந்து துணி தளரும். கடைக்குப் போகும் கூடுகளில் அது கிடையாது. பார்க்க நன்றாக இல்லை என்று எடுத்துவிட்டார்கள். சுகிர்தா ரபீக்கிடமிருந்து கயிற்றை வாங்கித் தன் கையில் பிடித்துக்கொண்டாள். கடிகாரத்தை அழுத்தினாள்.

ஹேமலதா மேடம் குனிந்து அவர் முகத்துக்கு நேரே பார்த்தார். "என்னப்பா, எப்படி இருக்குது?"

"நல்லா... நல்லா இருக்குதுங்க மேடம்." மூச்சு இரைந்தது.

"சரி, வா வெளிய."

நவநீதன் கூரையைப் பார்க்க முயன்றார். கூரை தெரியவில்லை, மேடத்தின் முகம்தான் தெரிந்தது. அந்த முகத்துக்கு நேராக, சங்கடமான ஒரு புன்னகையோடு, ஏறக்குறைய மன்னிப்புக் கேட்கிற குரலில், "விடு" என்றார்.

"பொறுத்திருங்கள்," என்றது கூடு, தாலாட்டுகிற பெண்குரலில்.

"இல்ல மேடம், ஒரு நிமிசங்க... விடு."

"பொறுத்திருங்கள்."

ஐந்து விநாடி, ஆறு, ஏழு. அவர் தோளை அசைக்கப் பார்த்தது தெரிந்தது. துணியில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. மூச்சு கூர்மையானது. "விடு... மூச்சு... கொஞ்சம் தள்ளிக்கங்க மேடம்... விடுங்க... ஐயோ, விடுங்க!"

"கூடு உங்களை அணைத்திருக்கிறது."

"என்ன நவநீதா, சொல்ல வேண்டியதுதான?" என்றார் மேடம், அவர் இன்னும் விளையாடுகிறார் என்ற நினைப்பில்.

"சொல்றனுங்க... சொல்றேன்... வாயில வல்லீங்க... விடுங்க, மேடம், விடச் சொல்லுங்க, கண்ணு சுகிர்தா, விடும்மா..."

பதினெட்டு. பத்தொன்பது. சுகிர்தாவின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கயிற்றைப் பிடித்திருந்தன. ரபீக் ஒரு அடி முன்னால் வந்தார். அவள் இடது கையைத் தூக்கித் தடுத்தாள். "இருங்கண்ணா."

இது சோதனை, குறைந்தது ஒரு நிமிஷமாவது பதிவாக வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபத்தைந்து. அவர் பெருமையாக நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தது ஞாபகம் வந்தது. முப்பது. தாளில் எழுதியிருந்த 'பயனர்' என்ற சொல் ஞாபகம் வந்தது. முப்பத்திரண்டாவது விநாடியில் நவநீதனின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டு எண்ணினாள். பத்தொன்பது மணி நேரத்தில் இது எத்தனையில் ஒரு பங்கு என்று மனசு ஒரு வகுத்தல் கணக்குக்கூடப் போட்டது. அவர் இன்னும் சொல்லட்டும் என்று இருந்தது. முப்பத்தொன்பது. நாற்பது.

நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. மோனிஷா எழுந்து நின்றிருந்தாள்.

"விடு!"

சோதனைக்கூடத்துக் கண்ணாடி அதிர்கிற மாதிரி விழுந்தது அந்தக் குரல். கடைக்குப் போகும் கூடு, வாங்கியவர் குரலை மட்டும் கேட்கும். சோதனைக்கூடத்துக் கூட்டுக்கு உரியவர் என்று யாரும் இல்லை, யார் குரலும் அதற்கு ஒன்றுதான். துணி படக்கென்று தளர்ந்து, நவநீதன் ஒரு பக்கமாகப் புரண்டு தரையில் கையூன்றி இருமினார்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். யாரையும் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் விரித்து, மூடி, மறுபடி விரித்துப் பார்த்துக்கொண்டார்.

"ரபீக்கு," என்றார் ஹேமலதா மேடம். "கீழ போயி லாரிய நிறுத்தச் சொல்லு. கடைங்களுக்கும் போன் பண்ணு. இருக்கறது ஒண்ணுகூட விக்கக் கூடாது." மோனிஷாவின் முன்னாலிருந்த தாளை எடுத்து நான்காக மடித்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வெளியே போனார். நவநீதன் பின்னாலேயே போனார். வாசலில் அவர் ஒரு கணம் நின்றார். கடிதத்தைப் பற்றித்தான் ஏதோ சொல்லப்போகிறார் என்று சுகிர்தா நினைத்தாள். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

சுகிர்தா விழுந்த நாற்காலியை நிமிர்த்திப் போட்டாள். "உக்காருங்க்கா. நீங்க சொன்னதுனாலதான் தெறந்துச்சு. பாத்தீங்களா, உங்களுக்கும் அந்த அதிகாரக் குரல் வருது. அதையும் எழுதிக்கறேன், ரொம்ப முக்கியமான..."

மோனிஷா உட்காரவில்லை. பட்டை போட்ட கைகள் இரண்டும் உடம்போடு ஒட்டியிருந்தன. அந்த மரியாதை மறுபடி திரும்பி வந்திருந்தது, முன்பைவிடக் கனமாக.

"நான் அந்தத் துணிகிட்டச் சொல்லலீங்க," என்றாள். "உங்ககிட்டச் சொன்னேன்."

பையைத் தோளில் மாட்டிவிடச் சொல்லி அவள் கேட்கவில்லை. முழங்கையால் தானே இழுத்து, மூன்றாவது முயற்சியில் மாட்டிக்கொண்டு, கதவை முதுகால் தள்ளித் திறந்து போனாள்.

சுகிர்தா முந்நூற்றோராவது தாளை எடுத்தாள். தேதி எழுதினாள். முடிவு: தோல்வி. நேரம்: நாற்பது விநாடி. விடுவிப்புச் சொல்லைக் கூறியவர் என்ற இடத்தில் மோனிஷாவின் பெயரை எழுதினாள். கடைசியில் 'குறிப்பு' என்று இரண்டு வரிக்கு இடம் உண்டு. முந்நூறு தாளிலும் அதை வெறுமையாகவே விட்டிருந்தாள்.

வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதினாள்: 'கயிறு முழு நேரமும் என் கையில் இருந்தது.'

கீழே கையெழுத்துப் போட்டாள்.